நாய்க்கு வீடு தேடிய கதை: 1832 பம்பாயிலிருந்து நம்ம ஊசி அறை வரை

கொஞ்சம் நீளமான த்ரெட். நம்ம ஆஸ்பத்திரி ஊசி அறையில் ஆரம்பித்து பம்பாய், லண்டன், நியூயார்க், மெட்ராஸ் எல்லாம் சுற்றிவிட்டு மறுபடி ஊசி அறைக்கே வரும். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

ஒரு திங்கட்கிழமை காலை. நாய்க்கடி ஊசிக்குத் திங்கள்தான் கூட்டம் அதிகம், ஞாயிற்றுக்கிழமை கடி வாங்கியவர்களும் சேர்ந்து வருவார்கள். ஓர் அம்மா தன் ஏழு வயதுப் பையனைக் கூட்டி வந்திருந்தார். புறங்கையில் இரண்டு பல் தடம். ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "வீட்டு நாயா, தெரு நாயாம்மா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தெரு நாயாத்தான் மேடம் இருந்துச்சு. இப்ப வீட்டு நாய். காப்பகத்துல இருந்து தத்தெடுத்துப் பதினோரு நாள் ஆகுது."

குட்டி நாய். இரண்டு மாதம்தான் ஆகிறது. ரேபிஸ் தடுப்பூசி மூன்று மாதம் ஆனதும் போட வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது சாப்பிடும்போது பையன் தட்டை இழுத்திருக்கிறான்.

"குட்டிதானே, அதுக்குப் போய் ஊசி வேணுமா மேடம்?"

வேணும்மா. குட்டிக்கும் ரேபிஸ் வரும். ரத்தம் வந்தால் அது மூன்றாம் வகைக் கடி. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின். கையில் தடுப்பூசி: இன்னைக்கு ஒண்ணு, அப்புறம் 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதினேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்காரர் இன்னிக்கு சாயந்திரமே அதைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுடலாம்ங்கறார்."

சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவியபோதுகூட பையன் அழவில்லை. இதைக் கேட்டதும் அழ ஆரம்பித்தான்.

"பத்து நாள் மட்டும் வச்சிருங்கம்மா. அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன். நாய்ப் பாசத்தில் சொன்னது இல்லை. காரணம் கடைசியில் சொல்கிறேன்.

அன்று இரவு ட்யூட்டியில் இதுவே ஓடிக்கொண்டிருந்தது. "திருப்பிக் கொண்டுபோய் விட" ஓர் இடம் இருக்கிறது. அதே இடம் அந்தக் குட்டிக்கு முதலில் வீடும் தேடிக் கொடுத்திருக்கிறது. இப்படி ஒரு இடம் உலகத்தில் எப்போதிலிருந்து இருக்கிறது? தேடிப் படித்தேன். நான் நினைத்ததைவிட ரொம்பப் புதுசு. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் வேறு கதை.

முதல் கதை பம்பாய். 1832.

வெயில் காலத்தில் தெரு நாய்களைக் கொல்ல பம்பாய் போலீசுக்கு அனுமதி இருந்தது. கொல்லும் ஒவ்வொரு நாய்க்கும் எட்டணா பரிசு. அந்தக் காலத்து எட்டணா சும்மா இல்லை. பரிசு என்று வந்துவிட்டால் தெரு நாய் எது, வீட்டு நாய் எது என்று யார் பார்ப்பார்கள்? வீட்டுக்குள் புகுந்தும் நாய்களை இழுத்துப் போனதாகப் புகார்கள் வந்தன.

பார்சி மக்களுக்கு நாய் புனிதமானது. இறந்தவர் உடலுக்கு முன் நாயைக் கொண்டுவந்து பார்க்கவைக்கும் சடங்கே அவர்களிடம் உண்டு. ஜூன் 6 அன்று பார்சிகள் தெருவில் இறங்கினார்கள். கடைகள் அடைக்கப்பட்டன, மற்ற சமூகத்தாரும் சேர்ந்துகொண்டார்கள், கோட்டைக்கும் கொலாபா ராணுவ முகாமுக்கும் போகும் உணவுப் பொருட்கள் மறிக்கப்பட்டன. கடைசியில் பட்டாளம் வந்து அடக்கியது. வரலாற்றில் இதற்குப் பெயரே பம்பாய் நாய்க் கலவரம்.

இரண்டு வருடம் கழித்து, 1834-இல், ஜம்சேத்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வணிகரும் அமிசந்த் குடும்பத்து குஜராத்தி வணிகரும் சேர்ந்து பம்பாய் பாஞ்சராபோளைத் தொடங்கினார்கள். மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரி தெரியும்தானே? அந்த ஜே.ஜே. இவர்தான். ஆதரவற்ற விலங்குகளுக்கு அங்கே சாகும்வரை சோறும் கூரையும் உண்டு.

கவனியுங்கள், அங்கே யாரும் நாய்க்கு வீடு தேடவில்லை. உள்ளே வந்தால் ஆயுசுக்கும் அங்கேதான். கொல்லக் கூடாது என்பதுதான் நோக்கம், அது நிறைவேறியது. ஆனால் உள்ளே வரும் எண்ணிக்கைக்குக் கணக்கு இல்லை, வெளியே போக வழியும் இல்லை. இந்தச் சிக்கல் 2025-இல் மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கதை லண்டன். 1860.

மேரி டீல்பி என்ற பெண்மணி. கணவரைப் பிரிந்து வாழ்ந்தவர். அவருடைய தோழி தெருவில் பசியால் செத்துக்கொண்டிருந்த ஒரு நாயைப் பார்த்து வீட்டு அடுக்களைக்குத் தூக்கி வருகிறார். இருவரும் பார்த்துப் பார்த்து கவனிக்கிறார்கள், நாய் பிழைக்கவில்லை. அந்த நாயிலிருந்து தொடங்கியதுதான் ஹாலோவே பகுதியில் டீல்பி நடத்திய "தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்".

பெயரிலேயே "தற்காலிக" என்று இருக்கிறது பாருங்கள். தொலைந்த நாயை உரிமையாளர் வந்து கூட்டிப் போகும்வரை வைத்திருப்பது, யாரும் வராவிட்டால் வேறு வீடு பார்ப்பது. பாஞ்சராபோளிலிருந்து இது வேறு யோசனை. 'தி டைம்ஸ்' பத்திரிகை இதைக் கிண்டல் செய்து எழுதியது. மனுஷனுக்கே வீடு இல்லாத ஊரில் நாய்க்கு வீடா என்ற கேள்வி. இன்றும் அதே கேள்வி, முகநூல் கமெண்டில். டீல்பி 1865-இல் இறந்துவிட்டார். இல்லம் 1871-இல் பேட்டர்சிக்கு இடம் மாறியது, 1883-இலிருந்து பூனைகளையும் எடுத்துக்கொண்டது. இன்றும் இயங்குகிறது.

ஆனால் இடையில் நடந்ததைச் சொல்லாமல் போனால் கதை பாதிதான். 1867-இல் வந்த ஒரு சட்டம், லண்டனில் அலையும் நாய்களைப் பிடிக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தது. மூன்று நாளில் யாரும் வராவிட்டால் விற்கலாம் அல்லது கொல்லலாம். போலீஸ் பிடித்த நாய்கள் வந்து சேர்ந்த இடம் இந்த இல்லம்தான். அன்பில் தொடங்கிய வீடு, கொஞ்சம் கொஞ்சமாக நகரத்தின் நாய் ஒழிப்பு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டது. வீடு கிடைத்தவை கொஞ்சம், கிடைக்காதவை மிக அதிகம்.

இந்த இடத்தில் நம்ம ஆள் ஒருத்தர் வருகிறார். பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன், மருத்துவர். பிஎஸ்எம் பாடத்தில் படித்த ஜான் ஸ்னோ ஞாபகம் இருக்கா? காலரா, தண்ணீர்க் குழாய், கைப்பிடியைக் கழற்றியது? அந்த ஸ்னோவின் நண்பர். ஸ்னோ இறந்த பிறகு அவருடைய மயக்க மருந்துப் புத்தகத்தை வாழ்க்கைக் குறிப்போடு வெளியிட்டவர். மயக்க மருந்தைப் பற்றி அத்தனை தெரிந்த மனிதர், 1884-இல் பேட்டர்சி இல்லத்துக்காக ஒரு அறையைக் கட்டிக் கொடுத்தார். நாய்களை வலியில்லாமல் கொல்லும் அறை. அவர் அதைக் கருணையாகத்தான் நினைத்தார். அன்று நடந்த மற்ற முறைகளைப் பார்த்தால் அது கருணைதான் என்றும் சொல்ல வேண்டும். படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஏன் இவ்வளவு கொலை? கொடூர மனசு என்று ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள். காரணம் ரேபிஸ் பயம். அந்தப் பயம் நியாயமானது.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது தனி அறையில் ஒரு ரேபிஸ் நோயாளியைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோனதும் தொண்டை இழுத்து உடம்பே வில்லாக வளைந்தது. முழு நினைவோடு இருந்தார். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "பக்கத்துல வராத" என்றார். கடித்தது குட்டி நாய், ஊசி போடவில்லை. மறுநாள் காலை ரவுண்ட்ஸில் கட்டில் காலி. ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றிய கதை என்னிடம் ஒன்றுகூட இல்லை. எனக்குத் தெரிந்த எந்த டாக்டரிடமும் இல்லை.

தடுப்பூசியே இல்லாத காலத்தில், தெருவில் திரியும் ஒவ்வொரு நாயும் அந்தக் கட்டிலாகத்தான் மக்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். முன்பின் தெரியாத நாயை எந்த அம்மா வீட்டுக்குள் விடுவார்?

1885 ஜூலை 6. பாரிஸ். ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதல் ஊசி. பாஸ்டர் வேதியியல்காரர், ஊசி போடும் உரிமை இல்லை. குத்தியது கிரான்ஷே என்ற மருத்துவர். பையன் பிழைத்தான். கடிபட்ட பிறகும் தடுக்க முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது. பிரிட்டன் இன்னொரு வழியில் போனது: நாய்களுக்கு வாய்ப்பூட்டு கட்டாயம், வெளியிலிருந்து வரும் நாய்களுக்குத் தனிமைக் காலம். 1902-இல் அந்தத் தீவில் ரேபிஸ் இல்லாமல் போனது. முதல் உலகப் போர் முடியும் நேரத்தில் நாய்களோடு திரும்பி வந்து, 1922-இல் மறுபடி ஒழிந்தது. (ராணுவம் கடத்தி வந்த நாயோ என்று சந்தேகப்பட்டார்கள். செல்லம் என்றால் சட்டம் மறந்துவிடும், எந்த ஊர் ஆனாலும்.)

நம்ம ஊருக்கு வந்தது குன்னூர் பாஸ்டர் நிறுவனம், 1907. அப்புறம் 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய ஆட்டு மூளைத் தடுப்பூசி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று தாத்தா பாட்டி சொல்வார்களே, அதுதான். இந்தியாவில் அது 2004-ஓடுதான் நின்றது. என் பெரியம்மா சின்ன வயதில் அதைப் போட்டுக்கொண்டவர். இன்றும் நாய் வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவார். "நாய்க்குப் பயம் இல்லடி, ஊசிக்குத்தான்" என்பார்.

சரி, அமெரிக்கா. அங்கே கரோலின் எர்ல் வைட். பிலடெல்பியாவில் விலங்கு நலச் சங்கம் தொடங்க ஓடியாடி வேலை செய்தவர். சங்கம் 1867-இல் அமைந்ததும் நிர்வாகக் குழுவில் அவருக்கு இடமில்லை, பெண் என்பதால். 1869-இல் பெண்களே தனிக் கிளை தொடங்கினார்கள். மறு வருடம் நகரத்தின் நாய்ப்பட்டியைத் தங்கள் பொறுப்பில் எடுத்து, அடித்துக் கொல்வதை நிறுத்தி, கொஞ்சம் நாய்களுக்காவது வீடு பார்க்க முயன்றார்கள்.

கொஞ்சம் நாய்களுக்குத்தான். அதே காலத்தில் நியூயார்க்கில் நகராட்சி என்ன செய்தது தெரியுமா? இரும்புக் கூண்டில் நாய்களை அடைத்து, கிரேன் வைத்து ஆற்றில் இறக்கியது. 1877 ஜூலையில் ஒரே நாளில் 762 நாய்கள். அந்தப் பொறுப்பு 1894-இல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்திடம் போனது. ஆறு போய் வாயு அறை வந்தது. நூறு வருடம் அப்படியே ஓடியது.

ஷெல்டர் என்றாலே தத்தெடுக்கும் இடம் என்று ஆனது எனக்குத் தெரிந்து 1960-களின் கடைசிக்குப் பிறகுதான். மூன்று விஷயங்கள் சேர்ந்தன.

ஒன்று, நாய்களுக்கே தடுப்பூசி. 1920-களில் ஜப்பானில் பெரிய அளவில் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா முழுக்கப் பரவியது. முன்பின் தெரியாத நாய்க்கு ஓர் அட்டை வந்தது. அட்டை உள்ள நாயை வீட்டுக்குள் விடலாம்.

அடுத்தது கருத்தடை. 1971-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி குறைந்த கட்டணத்தில் கருத்தடை மையம் திறந்தது. வீடு தேடுபவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது சுவாரசியமானது. விளம்பரம். அலெக்சாண்டர் லூயிட் என்பவர் வாக்குவம் கிளீனர் தயாரித்து விற்றவர். 1969-இல் அவர் மனைவி லாங் ஐலண்டில் இருந்த ஒரு ஷெல்டருக்கு நன்கொடை கேட்டார். மனுஷன் காசு கொடுத்ததோடு நிற்கவில்லை, வாக்குவம் கிளீனர் விற்பது மாதிரியே நாய்களை விளம்பரம் செய்ய ஆரம்பித்தார். பாவம் பாருங்கள் என்று கெஞ்சவில்லை. இது நல்ல நாய், வந்து கூட்டிப் போங்க, அவ்வளவுதான். 1994-இல் சான்பிரான்சிஸ்கோ ஒரு படி மேலே போனது: தத்துக் கொடுக்கக்கூடிய எந்த நாயும் பூனையும் இந்த ஊரில் கொல்லப்படாது என்று சங்கமும் நகரமும் ஒப்பந்தம் போட்டன.

1970-களில் அமெரிக்க ஷெல்டர்களில் வருடத்துக்கு 1.2 கோடி முதல் 2 கோடி விலங்குகள் கொல்லப்பட்டதாக மதிப்பீடு. 2019-இல் அது 9.2 லட்சம். ரேபிஸ் அடங்கி, குட்டி போடுவது குறைந்து, அதன் பிறகே தத்தெடுப்பு வேலை செய்தது. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் நம்ம ஊர்ப் பிரச்சினை.

மெட்ராஸ். டீல்பி லண்டனில் இல்லம் திறந்த அதே 1860-இல்தான் மெட்ராஸில் நாய் பிடித்துக் கொல்லும் திட்டம் தொடங்கியது என்று ப்ளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். விமானியாக இருந்த கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய அமைப்பு ப்ளூ கிராஸ். அவருடைய மகன் இவர். அவர்களுடைய கேள்வி எளிமையானது: நூறு வருடமாகக் கொல்கிறீர்கள், நாய் ஏன் குறையவில்லை, ரேபிஸ் ஏன் குறையவில்லை? 1964-இலேயே கருத்தடை செய்து தடுப்பூசி போடலாம் என்றார்கள். மாநகராட்சி ஒப்புக்கொண்டது 1996-இல். நடுவில் முப்பத்திரண்டு வருடம்! அதற்குள் தினமும் கொல்லப்படும் எண்ணிக்கை 135 வரை போயிருந்தது என்பது அவர்கள் கணக்கு. தேசிய அளவில் கருத்தடை விதிகள் 2001-இல்தான் வந்தன.

இப்போது 2025. ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-இல் வேறு அமர்வு அதை மாற்றியது: கருத்தடை, தடுப்பூசி முடித்து அதே இடத்தில் விடு, ரேபிஸ் உள்ளதையும் முரட்டு நாயையும் விடாதே, தத்தெடுக்க விரும்புபவர் விண்ணப்பிக்கலாம், ஆனால் மறுபடி தெருவில் விடக் கூடாது. நவம்பர் 7-இல் ஆஸ்பத்திரி, பள்ளி, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்துக்கு அனுப்ப உத்தரவு. அதாவது எங்கள் வளாகமும்.

என் நிலைப்பாடு கேட்பீர்கள். பிரசவ வார்டு வாசலில் நாய் படுத்திருக்கக் கூடாது, இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் காப்பகம் என்று எழுதிவிட்டால் காப்பகம் வந்துவிடாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் தெரு நாய்கள் 1.53 கோடி. அத்தனைக்கும் பாஞ்சராபோள் கட்ட முடியாது. கட்டினாலும் நெரிசலில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நோய் பரவும். வார்டில் ஒரு கட்டிலுக்கு இருவரைப் படுக்கவைத்துப் பார்த்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். தத்தெடுப்பாலும் 1.53 கோடி தீராது. பத்தில் ஏழு நாய்க்குத் தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவல் அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வேலை தெருவில் நடக்க வேண்டும். குட்டிகளுக்கும், காயப்பட்டவைக்கும், திரும்பத் தெருவில் விட முடியாதவைக்கும் வீடு தேடுவதுதான் காப்பகம் உண்மையில் செய்யக்கூடியது. அதற்கு அங்கே கொஞ்சம் கூண்டு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். திருப்பிக் கொண்டுவந்து விடப்படும் ஒவ்வொரு நாயும் அந்த ஒரு கூண்டை அடைக்கிறது.

தத்தெடுப்பவர்களுக்கு டாக்டராகக் கொஞ்சம். குழந்தை உள்ள வீடு என்றால் குட்டி சாப்பிடும்போது, தூங்கும்போது தொட விடாதீர்கள். மூன்று மாதம் ஆனதும் அதற்கு ரேபிஸ் ஊசி, தள்ளிப் போடாதீர்கள். பூனை கீறினாலும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், "பூனைதானே" என்று மஞ்சள் வைக்காதீர்கள்.

இப்போது அந்தப் பத்து நாள். கடித்த நேரத்தில் நாயின் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருந்தால், அந்த நாய் பத்து நாளுக்குள் நோய் காட்டும், செத்துப்போகும். நாய்க்கும் பூனைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது, உடனே தொடங்க வேண்டும். ஆனால் பத்தாம் நாள் நாய் நன்றாக ஓடியாடினால் பையனுக்கு ஆபத்தில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். கொண்டுபோய் விட்டுவிட்டால் அது கண்ணில் இருக்காது. அங்கே ஐம்பது குட்டிகளுக்கு நடுவே இதை யார் பார்ப்பது?

மூன்றாம் நாள் அந்த அம்மா தனியாகப் பையனைக் கூட்டி வந்தார். "கட்டிப் போட்டிருக்கோம் மேடம். சாப்பிடுது." ஏழாம் நாள் அப்பா வந்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "பத்து நாள் முடியட்டும்" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை.

28-ஆம் நாள் மூன்று பேரும் வந்தார்கள். பையன் கையில் காயத் தழும்பு மங்கியிருந்தது. ஊசி போட்டு முடித்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். குட்டியின் தடுப்பூசி அட்டை. ரேபிஸ் கட்டத்தில் முந்தின நாள் தேதி, கால்நடை மருத்துவரின் கையெழுத்து.

"அடுத்தது எப்ப மேடம் போடணும்?"

அது என் டிபார்ட்மெண்ட் இல்லைங்க, அட்டையிலேயே எழுதியிருக்கும் என்றேன். அட்டையில் பெயர் என்ற இடத்தில் பென்சிலால், குழந்தைக் கையெழுத்தில், "புஜ்ஜி" என்று இருந்தது.